கர்ல் ஓட்டைகள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் (curl) மென்பொருளில் 2023இல் பெரிய பாதுகாப்பு ஓட்டை என்று பரபரப்பாக இருந்ததே, உண்மையில் என்னதான் நடந்தது?

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாக்ஸ்5 (SOCKS5) ப்ராக்ஸி, அதாவது நமக்காக இணைப்பை எடுத்துச்செல்லும் இடைநிலை சர்வர் வழியாகப் போகும்போது, தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் வேலையை ப்ராக்ஸியிடமே விட்டுவிடலாம். ஆனால் அந்த நெறிமுறையில் பெயருக்கு 255 பைட்தான் இடம். பெயர் அதைவிட நீண்டால், "சரி, முகவரியை நானே தேடிக்கொள்கிறேன்" என்று கர்ல் வழிமாற வேண்டும். மாறவும் செய்தது. ஆனால் அந்த முடிவைக் குறித்துவைத்தது ஒரு உள்ளூர் மாறியில் (ஃபங்ஷன் முடிந்ததும் மறைந்துவிடும் தற்காலிக இடம்). ப்ராக்ஸி பதில் சொல்லத் தாமதித்தால் கர்ல் அந்த ஃபங்ஷனை விட்டு வெளியேறி, அப்புறம் மறுபடி நுழையும். நுழைந்ததும் மாறி பழைய மதிப்புக்கே போய்விடும். எடுத்த முடிவு மறந்துபோக, நீளப் பெயர் அப்படியே பஃபரில் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதி) கொட்டப்படும். பஃபர் சிறியதென்றால் வழிந்து பக்கத்து நினைவகத்தில் ஓடும்.

கர்லின் 7.69.0 முதல் 8.3.0 வரையான பதிப்புகளில் இந்தப் பிழை இருந்தது. 2023 அக்டோபர் 11 அன்று வந்த 8.4.0இல் அடைத்தார்கள். கட்டளையாக ஓட்டும் கர்லின் பஃபர் இயல்பாக 100 கிலோபைட் என்பதால், வேக வரம்பை விநாடிக்கு 65,541 பைட்டுக்குக் கீழே வைத்தவர்களுக்குத்தான் சிக்கல். மற்ற நிரல்கள் உள்ளே வைத்துக்கொள்ளும் கர்ல் நூலகமான லிப்கர்லில் அது 16 கிலோபைட்தான். அதைத் தன் நிரலுக்குள் வைத்திருப்பவர்தான் முதலில் கவலைப்பட வேண்டும், அதுவும் சாக்ஸ்5 பயன்படுத்தினால்.

கேள்வி: டெபியன் 12 லினக்ஸில் கர்ல் 7.88.1 காட்டுகிறது. பாதுகாப்பு ஸ்கேனர் சிவப்பாக எரிகிறது. மாட்டிக்கொண்டேனா?

பதில்: டெபியன் பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் ஒட்டித்தரும். எண்ணின் வாலையும் தொகுப்பின் மாற்றப் பதிவையும் பாருங்கள். ஸ்கேனர் பல நேரம் எண்ணை மட்டும்தான் படிக்கிறது.

கேள்வி: சார், என்னிடம் 7.61.1. இன்னும் பழையது, அப்படியானால் இன்னும் ஆபத்தா?

பதில்: 7.69.0க்கு முன்னால் இந்தப் பிழை பிறக்கவே இல்லை. வேறு பழைய பிழைகளுக்கு டெபியனுக்குச் சொன்ன பதிலேதான்: திருத்தம் ஒட்டப்பட்டதா என்று பாருங்கள்.

கேள்வி: விண்டோஸில் சிஸ்டம்32க்குள் இருக்கும் கர்லை அழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஸ்கேனர் சொன்னதென்று அழித்தவர்களுக்கு விண்டோஸ் அப்டேட்டே தடுமாறியது. மைக்ரோசாஃப்ட் வைத்த கோப்பை மைக்ரோசாஃப்டே மாற்றட்டும்.

கேள்வி: சான்றிதழ் பிழை வருகிறது. சான்றிதழைச் சரிபார்க்காதே என்று சொல்லும் மைனஸ் கே (-k) போட்டால் போய்விடுகிறதே?

பதில்: போவது பிழை இல்லை, பாதுகாப்பு. எதிர்முனையில் யார் என்று பார்க்காமலே கடவுச்சொல்லைக் கொடுக்கிறீர்கள். இதுவரை பேசிய ஓட்டைகளைவிட இதுதான் எனக்குப் பெரிய பயம்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் சி மொழிதான் காரணம். ரஸ்ட் (Rust) மொழியில் எழுதித் தொலைத்தால் முடிந்தது!

பதில்: பாதி சரி. அந்த வழிதல் நினைவகப் பாதுகாப்புள்ள மொழியில் நடந்திருக்காது. கர்லை எழுதிய டேனியல் ஸ்டென்பர்கே இதை ஒப்புக்கொண்டார். ஆனால் அதே நாளில் வெளியான இன்னொரு ஓட்டையைப் பாருங்கள். குக்கீ வசதியைப் போட்டுவிட்டுக் கோப்பு எதையும் படிக்காத ஹேண்டிலை (லிப்கர்லில் ஒரு இணைப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் பொருள்) நகலெடுத்தால், நகலில் குக்கீ கோப்பின் பெயர் 'none' என்று பதிவானது. அந்தப் பெயரில் நடப்பு அடைவில் ஒரு கோப்பு கிடந்தால் கர்ல் அதை வாசித்துவிடும். இதை எந்த கம்பைலர் பிடிக்கும்?

கேள்வி (அதே நண்பர்): நழுவுகிறீர்கள். பாதியாவது குறையுமே? ஏன் மாற்றவில்லை?

பதில்: நழுவவில்லை, பாதி குறைந்தாலே பெரிய லாபம்தான். முயற்சியும் நடந்தது. ஹெச்டிடிபி வேலைக்கு ரஸ்டில் எழுதிய ஹைப்பர் நூலகத்தைச் சில ஆண்டுகள் சோதனையாக வைத்திருந்தார்கள். பயன்படுத்தவும் ஆளில்லை, மிச்ச வேலையை முடிக்கவும் ஆளில்லை. 2024 டிசம்பரில் கைவிட்டார்கள். கோடிக்கணக்கான கருவிகளில் ஓடுகிற, 1998இல் பிறந்த நிரலை மொத்தமாகப் புதிதாக எழுதினால் புதுப் பிழைகளும் கூடவே வரும். நீங்கள் எழுத முன்வந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

கேள்வி: ஆபத்து அளவில் பத்துக்கு 9.8 மதிப்பெண் வாங்கிய கர்ல் ஓட்டை ஒன்று, 2020 என்று தொடங்கும் சிவிஇ (ஓட்டைகளுக்குத் தரும் பதிவு) எண்ணோடு இருக்கிறதே?

பதில்: மறுமுயற்சிக்கு முன் காத்திருக்கும் நேரத்தில் அபத்தமான பெரிய எண் கொடுத்தால் கணக்கு தவறும். அவ்வளவுதான். கர்ல் குழுவே அதை ஓட்டை இல்லை என்று மறுத்தது.

கேள்வி: 8.2 பாதிக்கப்பட்டதா?

பதில்: ஆம், முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: டெஸ்ட் சர்வருக்கு மட்டும் மைனஸ் கே போடலாமா?

பதில்: அந்த ஸ்க்ரிப்ட்தான் நாளைக்கு நிஜ சர்வரில் ஓடும். டெஸ்ட் சர்வரின் சிஏ (சான்றளிக்கும் அமைப்பு) சான்றிதழைக் கோப்பாக்கி கர்லிடம் கொடுங்கள், ஒரு வரி வேலை.