மழை என்றாலே பள்ளிக்குப் போக மறுக்கும் பையன்: பதில்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததிலிருந்து, வானம் இருட்டினாலே பையன் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுவதாக எழுதியிருந்தீர்கள்.

"ஒன்றும் ஆகாதுடா" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆனதைத்தான் அவன் கண்ணால் பார்த்துவிட்டானே! மழை வலுத்தால் யார் வந்து கூட்டிப்போவார்கள், அதுவரை எந்த அறையில் உட்கார்ந்திருப்பான் என்று டீச்சரிடம் பேசி முடிவுசெய்து, அதை அவனிடம் சொல்லுங்கள். உங்கள் போன் நம்பரை அவன் கையாலேயே ஒரு அட்டையில் எழுதி, பென்சில் டப்பாவில் வைக்கட்டும். டார்ச்சையும் புத்தகங்களையும் பரணுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையும் அவனுடையதாகவே இருக்கட்டும். கையில் வேலை இருந்தால் பயம் கொஞ்சம் அடங்கும். அப்புறம், மழைநாளில் டிவி செய்தி வேண்டாம். பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும்.

தூக்கம் கெடுவது, வயிற்றுவலி எல்லாம் வாரக்கணக்கில் நீடித்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்குப் பேசுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.