நாலு லட்ச ரூபாய் கேமராவுக்கு லோன் வேண்டாம்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஒரு தந்தை, பிளஸ் டூ முடித்த தன் மகளுக்காக எழுதியிருக்கிறார். மகளுக்கு ஃபோட்டோகிராஃபி மேல் ஆசை. சென்னையில் இருக்கும் தாய்மாமனோ, "படிக்க வைத்தால் பெரிய பேர் உள்ள தனியார் காலேஜில் விஸ்காம் சேருங்கள், கேமராவும் ஃபுல் ஃபிரேமாக வாங்கிக் கொடுங்கள், சின்னக் கேமராவோடு போனால் ஒருத்தனும் மதிக்கமாட்டான்" என்று தினமும் ஃபோன் செய்கிறாராம். பாடிக்கும் லென்ஸுக்கும் சேர்த்துக் கடையில் கொடுத்த கொட்டேஷன் நாலு லட்சம். லோன் போடலாமா என்று கேட்கிறார்.

ஐயா, மகளின் ஆசையைத் தட்டிக்கழிக்காமல் இவ்வளவு தூரம் விசாரித்திருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் லோன் போடாதீர்கள். 14 சதவீத வட்டியில் மூன்று வருடத் தவணை என்றால் மாதம் 13,700 ரூபாய் அளவுக்குக் கட்ட வேண்டும். மொத்தத்தில் 4 லட்சத்து 92 ஆயிரம் போகும். கடைசித் தவணை கட்டுகிற நேரத்தில் உங்கள் மகள் அப்போதுதான் கல்லூரியை முடிப்பாள், கேமராவுக்குப் புது மாடல் வந்து பழையதன் விலை இறங்கியிருக்கும். மைத்துனர் பாதி தருகிறேன் என்றாலும் என் பதில் இதுதான்.

விலை உயர்ந்த கேமரா ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கேமராவுக்குள் படத்தைப் பதிகிற சில்லுக்குச் சென்சார் என்று பெயர். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். சாதாரணக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23.5க்கு 15.6. பரப்பில் இரண்டே கால் மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதால், இருட்டான மண்டபத்தில் படம் மணல் தூவியது மாதிரி ஆகாமல் கொஞ்சம் சுத்தமாக வரும். ஓடுகிற ஆளின் கண்ணை விடாமல் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் இருக்கும். கார்டு போட இரண்டு இடம் இருக்கும், ஒன்று மக்கர் பண்ணினாலும் தாலி கட்டுகிற படம் இன்னொன்றில் பத்திரமாக இருக்கும். கல்யாணம், விளையாட்டு, மேடை நிகழ்ச்சி எடுத்துச் சம்பாதிக்கிறவருக்கு இந்த விலை தகும். அவர்களிலும் பலர் முதலில் வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டுவார்கள்.

மெகாபிக்சலைக் காட்டி மைத்துனர் பயமுறுத்தினால் அசராதீர்கள். 24 மெகாபிக்சல் என்பது 6000க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) வீதம் அச்சடித்தால் 20 அங்குல அகலம் வரும். அமேசானில் ஒரு சட்டையைப் பெரிதாக்கிப் பார்க்க, படத்தின் நீளமான பக்கம் 1000 புள்ளி இருந்தால் போதும். விலை உயர்ந்த கேமராவின் 61 மெகாபிக்சலால் ஹார்ட் டிஸ்க்தான் சீக்கிரம் நிறையும். (இதற்கும் மேலே ஒரு உலகம் இருக்கிறது. லைக்கா எம்11 என்ற கேமரா 2022இல் வெளிவந்தபோது லென்ஸ் இல்லாமலே விலை 8,995 டாலர். ஆட்டோஃபோகஸ் கிடையாது, வீடியோவும் கிடையாது. வாங்குகிறவர்கள் மகிழ்ச்சியாகத்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்குத் தவணை கட்டுகிற கவலை இல்லை.)

ஆக, கூடுதல் விலை கொடுப்பது இருட்டுக்கும் வேகத்துக்கும்தான். உங்கள் மகளுக்கு அவை இரண்டும் தேவையா?

மகள் எடுத்ததாக நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அவற்றில் ஒரு மனித முகம்கூட இல்லை. சட்டைப் பொத்தான், காலர் ரிப்பின் பின்னல், கட்டிங் மேஜைக்கடியில் விழுந்த கலர் கலர் துணித் துண்டுகள், நீர் முத்து கோத்த எவர்சில்வர் டம்ளர். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அந்தக் காலரைத் திருப்பி வைத்திருக்கிறாள், அதனால் ஒவ்வொரு இழையும் தனியாக நிற்கிறது. இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஃபோனில் பேசும்போது கல்யாணம் எடுப்பாயா என்று கேட்டேன். "எல்லாரையும் நிக்கச் சொல்லணும், சிரிக்கச் சொல்லணும், எனக்கு அது வராது சார்" என்றாள். தனக்கு எது வராது என்று இந்த வயதில் தெளிவாகச் சொல்கிற பிள்ளையைக் கல்யாண மண்டபத்துக்குத் தள்ளாதீர்கள். இதில் மாமன் வாக்குக்கு இடமில்லை.

விஸ்காம், திரைப்படக் கல்லூரி பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது உங்கள் கம்பெனி வாசலிலேயே இருக்கும் வேலை: பொருட்களைப் படமெடுப்பது, அதிலும் பின்னலாடை. ஆன்லைனில் விற்கிற ஒவ்வொரு டிசைனுக்கும், ஒவ்வொரு கலருக்கும் முன்பக்கம், பின்பக்கம், காலர், துணி நெருக்கத்தில் என்று நாலைந்து படம் வேண்டும். சீசன் மாறினால் மறுபடியும் எடுக்க வேண்டும். கூலி பெரும்பாலும் பீஸ் ரேட். அந்தக் கணக்கு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வேலை ஒரு சின்ன அறையில் நடக்கும். டிரைபாடில் கேமரா, இரண்டு பக்கமும் வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட் பாக்ஸ் வைத்த ஃப்ளாஷ் விளக்குகள். வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 100, லென்ஸின் துவாரம் எஃப் 8, ஷட்டர் திறந்திருப்பது விநாடியில் 125இல் ஒரு பங்கு. இந்த அளவில் எடுத்தால் நாலு லட்சக் கேமராவின் படத்தையும் முப்பதாயிரத்துக் கேமராவின் படத்தையும் வலைப் பக்கத்தில் வைத்து எது எதுவென்று பிரித்துச் சொல்வது கஷ்டம். சட்டை நகராது, அறையில் இருட்டும் இல்லை.

கஷ்டமெல்லாம் வேறு இடத்தில். அமேசானில் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் படத்தில் 85 சதவீத இடத்தையாவது அடைக்க வேண்டும். வெள்ளை டி-ஷர்ட்டை வெள்ளைப் பின்னணியில் ஓரம் கரையாமல் எடுத்துக்காட்டச் சொல்லுங்கள், அனுபவஸ்தர்களும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். பின்னணிக்குத் தனி விளக்கு போட்டு, துணிக்கு வெளிச்சத்தைக் குறைத்து, இரண்டு ஓரத்திலும் கறுப்பு அட்டை நிறுத்த வேண்டும். ரிப், பிக்கே மாதிரி நெருக்கமான பின்னலில் வானவில் போல நெளிகோடுகள் விழும். கேமராவைக் கொஞ்சம் தள்ளியோ கோணம் மாற்றியோ வைத்தால் குறையும். கலர் இன்னும் முக்கியம். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்தால் மெரூன் ஒரு மாதிரியும் நேவி ஒரு மாதிரியும் காட்டும், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். வேலை தொடங்கும்போது சாம்பல் நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து, அதைக் கொண்டு எல்லாவற்றின் வண்ணத்தையும் சரிசெய்வார்கள். பொம்மைக்குச் சட்டை மாட்டி எடுத்து, கழுத்தின் உள்பக்கத்தைத் தனியாக எடுத்து ஒட்டி, பொம்மையே தெரியாமல் ஆக்குகிற வித்தையும் உண்டு. துணி எப்படி விழும் என்று தெரிந்தவருக்கே இது சுலபமாக வரும். அவள் அந்தத் துணிக்கு நடுவிலேயே வளர்ந்தவள்.

ஏஐ வந்து இதையெல்லாம் செய்துவிடாதா என்று கேட்பீர்கள். மாடல் முகத்தையும் பின்னணியையும் அது செய்கிறது, இன்னும் செய்யும். ஆனால் உங்கள் லாட்டில் வந்த துணியின் சரியான கலர் ஒரு ஒழுங்கான படத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

படிப்புக்கு, பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் பாருங்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம், ஹாஸ்டல் செலவு இல்லை. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், கல்லூரி மூலமாக விண்ணப்பிக்க வேண்டும்.

செலவு என் கணக்கில் எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்துக்குள். பழைய ஏபிஎஸ்-சி பாடி, ஒரு 50 எம்எம் லென்ஸ், இரண்டு விளக்கு, கனமான டிரைபாட், சாம்பல் அட்டை, துணிச் சுருக்கம் எடுக்க ஸ்டீமர். படத்தைத் திருத்த டார்க்டேபிள், கிம்ப் இரண்டும் இலவச மென்பொருள்கள். மைத்துனர் உதவியே தீருவேன் என்றால் விளக்கு வாங்கித் தரச் சொல்லுங்கள். அவருக்குக் காட்டிப் பெருமைப்பட விளக்கில் ஒன்றும் இருக்காது, ஆனால் படத்தை மாற்றுவது அதுதான்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். ஷட்டர் கவுன்ட், அதாவது அந்தக் கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள், ஒரு லட்சத்தை நெருங்கியிருந்தால் வேண்டாம். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள். சொந்த மெமரி கார்டு கொண்டுபோய் வெள்ளைச் சுவரை எஃப் 16இல் எடுத்து, வீட்டுக்கு வந்து சென்சாரில் அழுக்குப் புள்ளி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.