மாடியில் நின்றவன்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் நான்கு பேர், நான்கு கைப்பேசிகள். கூடத்துத் தொலைக்காட்சி சும்மா கிடக்கிறது. தெருவே ஒரு பெட்டியின் முன் கூடிய காலம் போய்விட்டதே என்று வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?

ர., திருமங்கலம்

அன்புள்ள ர.,

மதுரை செல்லூரில் எங்கள் தெருவின் முதல் பெட்டி நூல் வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வந்தது. இழுத்துச் சாத்தும் மரக்கதவு வைத்தது. கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் அப்போது இல்லை. 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினிதான் எங்களுக்குத் தொலைக்காட்சி. நீளக் குழாயின் உச்சியில் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, சிக்னலைக் கூட்டும் பூஸ்டரும் மாட்டினால் புள்ளிமழைக்கு நடுவே யாராவது பேசுவார்கள். மாடியேறித் திருப்புவது என் வேலை. "தெரிகிறதா?" என்பேன். "இன்னும் கொஞ்சம்" என்று கீழிருந்து குரல் வரும். பிறகு குரலே வராது. படம் தெரிந்துவிட்டது என்று பொருள். நான் மேலே நிற்பது ஒருவருக்கும் நினைவிருக்காது.

எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்பு வந்ததும் ஊரின் ஆன்டெனாக்கள் எல்லாம் வடமேற்கே திரும்பின. வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெரு கூடியது உண்மைதான். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? வீட்டார் நாற்காலியில், உறவினர் பாயில், நாங்கள் வாசற்படியில். எங்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்குச் சன்னல் கம்பி. விருந்தாளி வந்துவிட்டால் பாதிப் பாட்டில் மரக்கதவு மூடிக்கொள்ளும். சொல்லிவிட்டு மூடும் வழக்கம் கிடையாது.

அம்மா ஒருநாளும் அங்கே வந்ததில்லை. "அடுத்தவர் வாசலில் போய்க் காத்திருப்பதா?" என்பார். நான் வேலைக்குப் போய், வாங்கித் தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றார். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை மட்டும், "எல்லாருக்கும்தானே கொடுக்கிறார்கள்" என்று வாங்கிக்கொண்டார். முதல் நாள் விளம்பரத்தைக்கூட விடாமல் பார்த்தார். பார்க்கும் முன் என்னிடம், "தெருக்கதவைச் சாத்து, யாராவது வந்து நிற்பார்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் சாத்தினேன்.

ஆகவே உங்கள் வீட்டு நான்கு கைப்பேசிகள்மீது எனக்குக் கோபமில்லை. காதில் மாட்டிக் கேட்கச் சொல்லுங்கள், போதும். போன வாரம் திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையம் வரை, பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் மாமியார் மருமகள் சண்டை முழுவதையும் நான் படமில்லாமல் கேட்டு முடித்தேன்.