டப்ளினைப் பற்றி யாரும் சொல்லவில்லையா?

அன்புள்ள சார்,

வணக்கம். கல்விக் கடன் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு மூன்று வருடமாகச் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தில் ஃபண்ட் அக்கவுண்டிங், அதாவது முதலீட்டு ஃபண்டுகளின் கணக்கு, பார்க்கிறேன். சம்பளம் 42,000. முதலீட்டுத் துறைத் தேர்வான சி.எஃப்.ஏ.வில் முதல் லெவல் தேறிவிட்டேன். வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு எம்.எஸ்சி. ஃபைனான்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து 40 லட்சம் ஆகும். அப்பா வீட்டை அடமானம் வைக்கத் தயார். இந்த மாதக் கடைசிக்குள் டெபாசிட் கட்டச் சொல்கிறது கன்சல்டன்சி. ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது என்கிறார்கள் நண்பர்கள். மாமா அமெரிக்காதான் என்கிறார். ரேங்கிங் பார்த்துப் பார்த்துக் குழம்பிவிட்டேன். எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

போகிற போக்கில் ஃபண்ட் அக்கவுண்டிங் என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. மூன்று வருடமாக தினமும் என்.ஏ.வி., அதாவது ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பு, போடுகிறீர்கள். எந்தப் பங்கின் விலை உதைக்கிறது என்று தேடிப் பிடிக்கத் தெரியும். கெடு நேரத்துக்குள் கணக்கை முடித்து அனுப்பத் தெரியும். நீங்கள் கணக்குப் போடும் ஃபண்டுகள் எந்த ஊரில் பதிவானவை என்று பார்த்திருக்கிறீர்களா? ஐரோப்பிய கிளையண்ட் என்றால் அநேகமாக லக்ஸம்பர்க் அல்லது அயர்லாந்தின் தலைநகரான டப்ளின். ஐரோப்பாவில் ஃபண்டுகள் பதிவாகும் நாடுகளில் முதலிடம் லக்ஸம்பர்குக்கு, அடுத்தது அயர்லாந்துக்கு. அந்த ஊர்களில் உங்கள் அனுபவத்தை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாம். வட இங்கிலாந்தில் நீங்கள் இன்னொரு வெளிநாட்டு மாணவி, அவ்வளவுதான்.

டப்ளினில் ஆங்கிலம் போதும். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் (யு.சி.டி.) ஸ்மர்ஃபிட் வணிகப் பள்ளி, டிரினிட்டி கல்லூரி இரண்டிலும் ஓராண்டு நிதிப் படிப்புகள் உண்டு. முதுகலை முடித்தவர்கள் வேலை தேடவும் பார்க்கவும் அயர்லாந்து மொத்தம் 24 மாதம் தருகிறது. கட்டணம் குறைவில்லை, வீடு கிடைப்பது பெரும்பாடு. லக்ஸம்பர்க் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். அங்கே பிரெஞ்சு தெரிந்தால் நல்லது. உங்களுக்கு ஆலோசனை சொன்ன ஒருவர்கூட இந்த இரண்டு ஊரின் பெயரைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

கன்சல்டன்சி சொல்லாததில் வியப்பில்லை. உங்களிடம் காசு வாங்காமல் அவர்கள் அலுவலகம் நடத்துவது எப்படி? நீங்கள் சேர்ந்தால் பல்கலைக்கழகம் கமிஷன் தரும். கமிஷன் தருகிற இடம்தான் அவர்கள் பட்டியலில் இருக்கும். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அந்தப் பட்டியலில் வராததற்கும் காரணம் அதுதான்.

இங்கிலாந்துக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. கணக்கை மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நான் வங்கியில் கல்விக் கடன் மேசையில் இருந்தவன். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் பைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரும் அப்பாக்களைப் பார்த்துப் பழகியவன். மாதத் தவணை எவ்வளவு வரும் என்று கேட்பவர்கள் குறைவு. 40 லட்சம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடும். இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 8 லட்சம் ஏறிவிடும். 48 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் 63,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். அங்கே ஆண்டுக்கு 35,000 பவுண்டு சம்பளம் கிடைத்தால் வரி போக மாதம் 2,400 பவுண்டு வாக்கில் கையில் வரும், கஷ்டப்பட்டுக் கட்டிவிடலாம். திரும்பி வந்து சென்னையில் 80,000-க்குச் சேர்ந்தால்? அப்பாவின் வீடு அந்த இரண்டாவது கணக்கில்தான் மாட்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் படிப்பு முடிந்தபின் தங்க எவ்வளவு காலம்? படிப்பு முடித்தவர்களுக்கு இரண்டு வருட விசா கொடுப்பதை 2021-இல் ஆரம்பித்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதம்தான். அதற்குள் விசா ஸ்பான்சர் செய்யும் உரிமம் உள்ள நிறுவனத்தில் வேலை வாங்க வேண்டும். சம்பளத்துக்குக் கீழ்வரம்பு பொதுவாக 41,700 பவுண்டு, புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு 33,400. அந்த வேலைக்கென்று தனியாக ஒரு சம்பள அளவும் உண்டு. எது அதிகமோ அது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே இணையத்தில் போட்டிருக்கிறது. இறக்கிக்கொண்டு, நீங்கள் போகும் ஊரில் நிதித் துறை நிறுவனங்கள் எத்தனை இருக்கின்றன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள்.

ஓராண்டுப் படிப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. லண்டனில் பெரிய வங்கிகளும் ஆடிட் நிறுவனங்களும் அடுத்த வருடத்துக்கான ஆட்களை எடுக்கத் தொடங்குவது ஆகஸ்ட், செப்டம்பரில். அக்டோபர், நவம்பரில் பல கதவுகள் மூடிவிடும். உங்களுக்கு வகுப்பு தொடங்குவதே செப்டம்பர் கடைசியில். அறை பிடித்து, சிம் வாங்கி, வங்கிக் கணக்குத் திறந்து, குளிருக்குப் பழகி நிமிரும்போது அந்த நிறுவனங்கள் வைக்கும் ஆன்லைன் கணக்குத் தேர்வு முடிந்திருக்கும். அது தேறினாலும் வீடியோ நேர்காணல். எதிரே ஆள் கிடையாது. திரையில் கேள்வி வரும், யோசிக்க அரை நிமிடம், கேமராவைப் பார்த்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட முதல் தடவை உளறிவிடுவார்கள். போவதென்று முடிவானால் ஆகஸ்டிலேயே சென்னையில் உட்கார்ந்து விண்ணப்பங்களை அனுப்பிவிட்டு விமானம் ஏறுங்கள்.

ஜெர்மனியில் ஃபீஸே இல்லை என்பது முக்கால் உண்மை. மன்ஹைம் பல்கலைக்கழகம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. விசாவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். அது உங்கள் பணம்தான், மாதாமாதம் பிரித்துத் தருவார்கள். உங்கள் பட்டத்தைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். முடித்தபின் வேலை தேட 18 மாதம். கடன் பாதியாகக் குறையும் என்பதால் எனக்கு இந்த வழி பிடிக்கும். ஆனால் ஃபிராங்ஃபர்ட்டில்கூட ஜெர்மன் தெரியாமல் கிடைக்கும் வேலைகள் கொஞ்சம்தான். இரண்டு வருடம் படிப்போடு சேர்த்து பி2 நிலை வரை, அதாவது தடையின்றிப் பேசும் அளவுக்கு, ஜெர்மனும் படிப்பேன் என்றால் போங்கள்.

மாமா சொல்லும் அமெரிக்காவுக்கு ஒரே ஒரு விஷயம். எம்.எஸ். ஃபைனான்ஸ் என்று ஒரே பெயரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் நடத்தும். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் குறியீடு 52.0801 என்றிருந்தால் முடித்தபின் 12 மாதம்தான் வேலை பார்க்கலாம். 27.0305 என்றிருந்தால் ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்ற கணக்கில் 36 மாதம். அதற்குப் பிறகு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். 40 லட்சத்தில் அங்கே இரண்டு வருடத்தை ஓட்டுவதும் கஷ்டம்.

ரேங்கிங்கைக் கேட்டிருந்தீர்கள். ஃபைனான்ஷியல் டைம்ஸ் பட்டியலில் வரும் டாலர் சம்பளம் படித்து முடித்து மூன்று வருடம் கழித்து வாங்குவது. அதையும் அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்றபடி மாற்றிப் போடுகிறார்கள். அந்த முறையில் நம் ஊர் 25 லட்சம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடும். அந்த டாலரில் யாரும் ஈ.எம்.ஐ. கட்ட முடியாது.

இனி டெபாசிட். அடுத்த செப்டம்பருக்கு இடத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று கன்சல்டன்சியை விட்டுவிட்டு நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கிடைக்கும் ஒரு வருடத்தில் சி.எஃப்.ஏ. இரண்டாம் லெவல் எழுதுங்கள், டப்ளினுக்கும் லக்ஸம்பர்குக்கும் விண்ணப்பியுங்கள். உங்கள் நிறுவனத்துக்கே அந்த ஊர்களில் கிளை இருக்கிறதா, இடமாற்றம் தருவார்களா என்று மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். தந்தால் கடனே வேண்டாம். விசா மறுத்தால் மட்டுமே டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்று ஆஃபர் லெட்டரில் எழுதியிருந்தால் இந்த மாதம் கட்டாதீர்கள்.