கடன் வாங்கியது கம்பெனி, கட்டியது யார்?

கேள்வி: அமெரிக்காவில் திவாலாகப் போன கார் கம்பெனிகளை அரசு மக்கள் வரிப்பணத்தைக் கொட்டிக் காப்பாற்றியது. அப்படிப் பிழைத்த கம்பெனியிலேயே வேலை பார்த்துக்கொண்டு 2023-ல் ஸ்டிரைக் செய்தது நன்றி கெட்டதனம் இல்லையா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: இல்லவே இல்லை. கணக்கை 2008-ல் இருந்து பாருங்கள். அந்த நவம்பரில் கார் நகரமான டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகளான ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகியவற்றின் தலைவர்களும் ஆளுக்கொரு தனி விமானத்தில் வாஷிங்டன் போய் இறங்கித்தான் உதவி கேட்டார்கள், நாடே கொதித்தது. செனட் கைவிரித்ததும் வங்கிகளுக்காக ஒதுக்கிய நிதியிலிருந்து 1,740 கோடி டாலர் தர புஷ் ஒப்புக்கொண்டார், ஒபாமா காலத்தில் தொகை இன்னும் ஏறியது. ஆனாலும் 2009-ல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் மஞ்சள் கடுதாசி கொடுத்துத்தான் மீண்டன. (ஃபோர்டு இந்த நிதியைத் தொடவில்லை.) கார் தொழிலுக்கு மொத்தம் போனது சுமார் 8,000 கோடி டாலர், அதில் 900 கோடிக்கு மேல் அரசுக்குத் திரும்பவில்லை.

சரி, தொழிலாளி என்ன கொடுத்தார்? பஞ்சப்படி நின்றது. இந்த இரண்டு கம்பெனிகளிலும் 2015 வரை சம்பளத்துக்காக ஸ்டிரைக் செய்வதில்லை என்று கார் தொழிலாளர்களின் சங்கமான யுஏடபிள்யூ (UAW) எழுதிக்கொடுத்தது. 2007-லேயே நுழைந்திருந்த இரண்டு தட்டுச் சம்பளமும் தொடர்ந்தது, அதாவது ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்யும் இருவரில் பழையவருக்கு மணிக்கு 28 டாலர், புதியவருக்கு ஏறக்குறைய 14. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான். கம்பெனிகள் லாபத்துக்குத் திரும்பி, ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் மேரி பாரா 2022-ல் மட்டும் சுமார் 2.9 கோடி டாலர் பெற்ற பிறகும் அந்தப் பஞ்சப்படி திரும்பி வரவில்லை. கஷ்டத்தில் பங்கு கேட்டவர்கள் லாபத்தில் பங்கு தரவில்லை. இதில் நன்றி யார் யாருக்குச் சொல்ல வேண்டும்?

கேள்வி: அந்த ஸ்டிரைக்கில் அவர்களுக்கு என்னதான் கிடைத்தது?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: நிறையவே. செப்டம்பர் 15 அன்று மூன்று கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள், அப்படி நடந்தது அதுவே முதல்முறை. எல்லா ஆலையையும் ஒரே நாளில் மூடிவிடாமல் ஆளுக்கொரு ஆலையில் ஆரம்பித்து, பேச்சு இழுக்க இழுக்க இன்னும் சிலவற்றை நிறுத்தினார்கள். அடுத்து எது என்று நிர்வாகத்துக்குத் தெரியாது, சங்கத்தின் ஸ்டிரைக் நிதியும் சீக்கிரம் கரையாது. மறியலில் பைடனே வந்து நின்றார். சுமார் ஆறு வாரத்தில், ஒப்பந்த காலத்துக்குள் 25 சதவீத உயர்வு, பஞ்சப்படி மீண்டும், உச்சச் சம்பளத்தைத் தொட எட்டு ஆண்டுக்குப் பதில் மூன்று ஆண்டு.

2007-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழையவர்களைப் போன்ற ஓய்வூதியம் மட்டும் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் 2028 ஏப்ரல் 30-ல் முடிகிறது, மறுநாள் மே தினம். மற்ற சங்கங்களும் தங்கள் ஒப்பந்தத்தை அதே நாளில் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தே இறங்கலாம் என்று சங்கத் தலைவர் ஷான் ஃபெயின் அப்போதே அழைப்பு விடுத்துவிட்டார்.