டிஃபெண்டர் போதுமா, தனியாக ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை நம்பலாமா, காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக் கணினிக்கு டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. அதைவிட முக்கியம், "பிறகு பார்க்கலாம்" என்று அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது! யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு அது தானாகத் தாவியது.

மற்றபடி, பெரும்பாலும் கதவைத் திறந்துவிடுவது நாம்தான். கோப்புப் பெயரின் கடைசி நீட்டிப்பை, அதாவது கோப்பின் வகையைச் சொல்லும் கடைசிப் புள்ளிக்குப் பின்னுள்ள பகுதியை, விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். அதனால் "பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்று மின்னஞ்சலில் வரும் புரோகிராம், அப்பாவியாக "பில்.பிடிஎஃப்" என்றே தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் நீட்டிப்புகளைக் காட்டும்படி மாற்றிவிடுங்கள். கிராக் செய்த மென்பொருள் பக்கமே போகாதீர்கள். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று அதுவே சொல்கிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்?

அன்றாட வேலைக்கு அட்மின் உரிமை (கணினியின் அமைப்புகளை முழுதாக மாற்றும் உரிமை) இல்லாத விண்டோஸ் கணக்கு நல்லது.

முக்கியமான கோப்புகளை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, எடுத்த கையோடு கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.