குரல் எங்கே ஏறுகிறது?

கேள்வி: மாமாவிடம் இருந்த பழைய வரைபடம் ஒன்றில் இரண்டே வால்வுகளுடன் (பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழல்கள்) ஒரு டிரான்ஸ்மிட்டர். ஒன்று அலையை உண்டாக்குகிறது, மற்றது குரலைப் பெருக்குகிறது. இரண்டும் எங்கே கலக்கின்றன? ஒரே சோக்கில் இருந்து இரண்டுக்கும் கரண்ட் போவது மட்டும்தான் தெரிகிறது. அந்தச் சோக்கைப் புறக்கோட்டையில் கேட்டால் டியூப்லைட் சோக்கைக் காட்டுகிறார்கள், அது சரிவருமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: நீங்கள் பார்த்த அந்தச் சோக்தான் விடை. அலை வால்வின் பிளேட்டுக்கு, அதாவது உயர் வோல்ட் கொடுக்கும் முனைக்கு, எவ்வளவு வோல்ட் கிடைக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அலை எழும். ஆகவே அந்த வோல்ட்டைக் குரலுக்கு ஏற்ப ஆட்டிவிட்டால் அலையின் உயரமும் கூடவே ஆடும். சோக் என்பது இரும்புக் கருவில் சுற்றிய பெரிய சுருள், தன் வழியே போகும் கரண்ட் சட்டென்று மாற அது விடாது. குரல் வால்வு கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் மற்றதற்குப் போவது குறையும், வோல்ட் இறங்கும். குறைவாக இழுத்தால் ஏறும். ரேமண்ட் ஹெய்சிங் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் கண்ட வழி இது, இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள்.

இப்போது கணக்கு. அலை வால்வுக்கு 400 வோல்ட், 50 மில்லி அம்பியர் என்று வைத்தால் 20 வாட்ஸ். அலை முழு ஆழத்துக்கு ஆட, வோல்ட் பூச்சியத்துக்கும் 800க்கும் நடுவே போய்வர வேண்டும், அதற்குக் குரல் பக்கம் 10 வாட்ஸ் தர வேண்டும், அதாவது சரிபாதி. பிளேட்டை விட்டு அலை வால்வின் கிரிட்டில், அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் முனையில், குரலைக் கொடுத்தால் இவ்வளவு தேவையில்லை, ஆனால் வெளியே போகும் வலு நன்றாகக் குறைந்துவிடும், சரிசெய்து எடுப்பதும் தலைவலி. நான் பிளேட் பக்கம்தான்.

குரல் வால்வால் தன் பிளேட்டைப் பூச்சியம் வரை இறக்க முடியாது. அதனால் அலை வால்வுக்குப் போகும் வயரில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, அதற்குக் குறுக்கே ஒரு கொண்டென்சரையும் வைப்பார்கள்: அலை வால்வுக்குப் போகும் நிலையான வோல்ட் குறையும், குரல் கொண்டென்சர் வழியே குறையாமல் தாண்டிவிடும், ஆகவே அங்கே வோல்ட் பூச்சியம் வரை இறங்க முடியும். உங்கள் படத்தில் அது இருக்கிறதா பாருங்கள்.

டியூப்லைட் சோக் வேண்டாம். அது ஒரு ஹென்றி (கரண்ட் மாறுவதைச் சுருள் தடுக்கும் திறனின் அலகு) அளவில்தான் இருக்கும், குரலின் கீழ் சுருதிகள் வலுவிழந்துவிடும். பழைய வால்வு அம்பிளிபயரின் பவர் சப்ளையில் இருக்கும் 10 ஹென்றி சோக் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்று, அலையை உண்டாக்கும் வால்வையே நேரடியாக ஆட்டினால் அதன் அலைவெண்ணும் சேர்ந்து ஆடும். அலைவெண்ணை நிலையாக வைக்கும் கிறிஸ்டல் வைத்த தனி வால்வு ஒன்றில் அலையை உண்டாக்கி, அதைப் பெருக்கும் வால்வில் குரலை ஏற்றுங்கள்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அன்டெனாவில் பொருத்த வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் கொண்டென்சர்களில் உயிரைக் குடிக்கும் வோல்ட் நிற்கும், அதை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.